06/05 - மே மாசமா, ஜூன் மாசமா?



இந்த மாதச் சுவர் இதழுக்கு கம்ப்யூட்டர் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்னா கீபோர்டு, மவுஸ், மானிட்டர் என்று பாகம் குறிக்கிற படம் எல்லாரும் வரைவாங்க. நான் வேறு ஒன்று எழுதுகிறேன். இது எங்க வீட்டில் நிஜமாகவே நடந்தது.

முதலில் ஒரு கேள்வி. இந்தத் தேதியைப் படிங்க: 06/05/2025.

"இதென்ன பெரிய விஷயம், மே மாதம் 6ஆம் தேதி" என்றுதானே சொல்றீங்க? நம்ம நாட்டில் அது சரி. ஆனால் அமெரிக்காக்காரங்க மாதத்தை முன்னாடி எழுதுவாங்க. அவங்களுக்கு இதே எழுத்து ஜூன் மாதம் 5ஆம் தேதி. எழுத்து ஒன்றுதான், நடுவில் ஒரு மாதமே வித்தியாசம். இந்த ஒரு மாதத்தில்தான் எங்க அக்கா மாட்டிக்கிட்டா.

அக்கா அழுத கதை

என் அக்கா நர்சிங் படித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தா. 2025 ஏப்ரல் கடைசியில் ஈமெயில் வந்தது. ஆன்லைன் இன்டர்வியூ, 06/05/2025, 04:30 யு.டி.சி. என்று அதில் இருந்தது. அந்த யு.டி.சி. என்னவென்று எங்க யாருக்கும் தெரியாது. ஏதோ கம்பெனி பேர் என்று நினைத்தோம். விடிகாலை நாலரைக்கு யாரும் இன்டர்வியூ வைக்க மாட்டாங்க, அதனால் சாயங்காலம் நாலரை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

மே 6 வந்தது. அக்கா தலை சீவி, இஸ்திரி போட்ட சுடிதார் போட்டு, செல்போனைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தா. நான் வாசலில் நின்று தெருவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கிட்டேன். அப்பா எதிர் வீட்டு மைக் செட்டைக் கூட நிறுத்தச் சொல்லிட்டு வந்தார். நாலரை ஆச்சு, ஐந்து ஆச்சு, ஆறும் ஆச்சு. யாரும் வரவில்லை. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதுவிட்டா. "விடுத்தா, நமக்குக் கொடுத்து வைக்கல" என்று அம்மா சொன்னாங்க.

மூன்று நாள் கழித்து பெரியப்பா மகன் வந்தான். அவன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அந்த ஈமெயிலோடு ஒரு சின்ன ஃபைல் ஒட்டியிருந்தது. போனில் அது திறக்கவே இல்லை. அண்ணன் தன் லேப்டாப்பில் நோட்பேடு மூலமாகத் திறந்தான். உள்ளே பத்துப் பதினைந்து வரி. அதில் ஒரு வரி இப்படி இருந்தது:

20250605டி043000இசட்

(நடுவில் டி, கடைசியில் இசட். அங்கே ஆங்கில எழுத்தில் இருந்தது.)

நான் பார்த்தவுடன் போன் நம்பர் என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தான். "இது தேதிதான். பிரிச்சுப் படி" என்றான்.

பிரித்தேன். 2025 வருஷம். 06 மாதம். 05 தேதி. டி என்றால் இனிமேல் மணி வருகிறது என்று அர்த்தம். 04 மணி, 30 நிமிடம், 00 வினாடி. கடைசி இசட்டுக்கு அர்த்தம் பிறகு சொல்கிறேன்.

அதாவது ஜூன் 5. இன்டர்வியூ முடியவே இல்லை! நாங்கதான் ஒரு மாதம் முன்னாடி போய் உட்கார்ந்து அழுதிருக்கோம்.

தேதிக்கும் பகுபத உறுப்பிலக்கணம்

அண்ணன் சொன்ன "பிரிச்சுப் படி" என்பதற்கு கம்ப்யூட்டர் உலகத்தில் பார்சிங் என்று பேர். அது நமக்குப் புதுசே இல்லை. தமிழ் வகுப்பில் தினமும் செய்கிறோம். படித்தாள் = படி + த் + த் + ஆள். படி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஆள் பெண்பால் வினைமுற்று விகுதி. ஒரு சொல்லைப் பிரித்தால் யார், எப்போது, என்ன செய்தாள் என்று தெரிகிறது. தேதியைப் பிரித்தால் வருஷம், மாதம், நாள் தெரிகிறது.

ஆனால் சில சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். பலகை என்பது உட்காரும் பலகையும் ஆகும், பல + கை என்றும் ஆகும். இப்படிப்பட்டதை இலக்கணத்தில் பொதுமொழி என்கிறோம். 06/05 என்பது ஒரு பொதுமொழி. 25/06 அப்படி இல்லை, ஏனென்றால் 25ஆவது மாதம் கிடையாது.

வருஷத்தில் எத்தனை நாள் இப்படிக் குழப்பும்? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மாதம், ஒவ்வொன்றிலும் முதல் 12 தேதி. 12 × 12 = 144. அதில் 01/01, 02/02 மாதிரி 12 நாளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். 144 - 12 = 132. ஆக வருஷத்தில் 132 நாள் ஆபத்தான நாள். அக்காவின் தேதி அதில் ஒன்று.

கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து

"நமக்குக் குழப்பம் சரி, கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" என்று நான் கேட்டேன். தெரியாதாம். நாம் டைப் செய்யும் தேதி கம்ப்யூட்டருக்கு முதலில் வெறும் எழுத்து வரிசைதான். அதற்கு ஸ்டிரிங் என்று பேர். பூ கட்டிய சரம் மாதிரி எழுத்து கட்டிய சரம்.

ஒரு சோதனை. இந்த மூன்று தேதியையும் எழுத்தாகவே வரிசைப்படுத்தச் சொன்னால் கம்ப்யூட்டர் இப்படி அடுக்கும்:

05-12-2024
10-01-2025
31-03-2024

முதல் எழுத்தை மட்டும் பார்த்து 0, 1, 3 என்று அடுக்கிவிட்டது. மார்ச் மாதம் கடைசிக்குப் போய்விட்டது. அதையே வருஷத்தை முன்னால் போட்டு எழுதினால்:

2024-03-31
2024-12-05
2025-01-10

இப்போது எழுத்து வரிசையும் நாள் வரிசையும் ஒன்றாகிவிட்டது. பெரியது முன்னாடி, சின்னது பின்னாடி. நாம் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று எண் எழுதுவதும் அப்படித்தானே. இந்த முறைக்கு ஐ.எஸ்.ஓ. 8601 என்று பேர். 1988-ல் உலகத் தர நிர்ணய அமைப்பு இதை வெளியிட்டது. அக்காவின் ஃபைலில் இருந்ததும் இந்த வரிசையில்தான், நடுவில் கோடு மட்டும் இல்லை.

மணி யாருடைய மணி?

தேதி கிடைத்துவிட்டது. இனி மணி. 04:30 என்றால் எந்த ஊர் நாலரை?

எங்க அப்பத்தாவைக் கேட்டால் பொழுது தலைக்கு நேராக வந்தால் உச்சி என்பாங்க. அவங்களுக்கு சூரியன்தான் கடிகாரம். நாளும் விடிந்த பிறகுதான் மாறும். ராத்திரி ஒரு மணிக்கு நடந்ததைக் கூட "நேத்து ராத்திரி" என்றுதான் சொல்வாங்க. கம்ப்யூட்டருக்கோ நடுராத்திரி 12 மணிக்கே நாள் மாறிவிடும்.

சூரியனை வைத்து மணி பார்த்தால் ஊருக்கு ஊர் மணி மாறும். பூமி 1 டிகிரி சுற்ற 4 நிமிடம் ஆகும் என்று சமூக அறிவியலில் படித்திருக்கிறோம். இந்திய நேரம் மிர்சாபூர் பக்கம் போகும் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. நம்ம ஜெயமங்கலம் 77½ டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வித்தியாசம் சுமார் 5 டிகிரி. 5 × 4 = 20 நிமிடம். அதனால்தான் நம்ம ஊரில் கடிகாரம் 12 அடிக்கும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. அப்பத்தா சொல்லும் உச்சி சுமார் 12:20-க்குத்தான் வரும் (மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்னே பின்னே ஆகும்). அப்பத்தா கணக்கும் தப்பில்லை, கடிகாரமும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு இடத்து மணி.

முன்காலத்தில் நம்ம மாநிலத்துக்கு மெட்ராஸ் டைம் என்று தனி நேரமே இருந்தது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானியல் ஆய்வுக்கு ஒரு கூடம் கட்டியது. அங்கே நட்சத்திரம் பார்த்து நேரம் கணித்தாங்க. ஜான் கோல்டிங்காம் என்பவர் அங்கே வானியலாளராக இருந்தார். கிரீன்விச் நேரத்தோடு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி கூட்டினால் மெட்ராஸ் நேரம். ஊருக்கு ஊர் ஒரு நேரம் வைத்தால் ரயில் ஓட்ட முடியாது. அதனால் ரயில்வேக்காரங்க ரொம்ப வருஷம் நாடு முழுக்க இந்த மெட்ராஸ் நேரத்தைத்தான் வைத்திருந்தாங்க.

1906 ஜனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் என்கிற இந்தியத் திட்ட நேரம் வந்தது. கணக்குப் பாருங்க, மெட்ராஸ் நேரத்தைவிட 8 நிமிடம் 46 வினாடி அதிகம். கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்களுடைய பழைய நேரத்தை விடவில்லை.

நமக்குப் பக்கத்து விஷயம் ஒன்று. மெட்ராஸில் செய்த வானியல் வேலை 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. நம்ம ஊரில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரில்தான் அந்த சூரிய ஆய்வுக்கூடம் இன்னைக்கும் இருக்கிறது.

இசட் என்றால் என்ன?

இப்போது கடைசி எழுத்துக்கு வருவோம். உலகத்துக்கு எல்லாம் பொதுவாக ஒரு மணி வேண்டும் என்று வைத்திருப்பதுதான் யு.டி.சி. அது கிரீன்விச்சில் இருக்கும் பூஜ்ய டிகிரியை ஒட்டிய நேரம். இசட் என்று போட்டால் "இது யு.டி.சி. மணி, இன்னும் எந்த ஊருக்கும் மாற்றவில்லை" என்று அர்த்தம். நாம் அதோடு 5:30 கூட்ட வேண்டும்.

04:30 + 5:30 = 10:00

அக்காவின் இன்டர்வியூ ஜூன் 5, வியாழக்கிழமை, காலை 10 மணி. நாங்கள் தேதியிலும் தப்பு, மணியிலும் தப்பு. தேதியை மட்டும் சரியாகப் படித்து மணியை விட்டிருந்தால், ஜூன் 5 சாயங்காலம் நாலரைக்கு உட்கார்ந்து மறுபடியும் அழுதிருப்போம். இந்தத் தடவை உண்மையாகவே வாய்ப்பு போயிருக்கும்.

நாங்கள் எழுதிய புரோகிராம்

கையால் கணக்குப் போட்டாலும் அண்ணன் விடவில்லை. "மெஷினும் அதையே சொல்லுதான்னு பார்ப்போம்" என்று பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்தேன். நாலே படிதான்.

முதல் படி: ஃபைலில் இருந்த வரியைச் சரமாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: அதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று மாதிரி சொல்ல வேண்டும். சதவீதக் குறி போட்டு ஒரு எழுத்து எழுதணும். பெரிய ஒய் என்றால் நாலு இலக்க வருஷம். சின்ன எம் என்றால் மாதம். சின்ன டி என்றால் தேதி. பெரிய எச் என்றால் 24 மணிக் கணக்கில் மணி. பெரிய எம் என்றால் நிமிடம். பெரிய எஸ் என்றால் வினாடி. நான் மாதத்துக்குப் பெரிய எம் போட்டுவிட்டேன். ஒரே எழுத்து இரண்டு தரம் வருகிறது என்று கம்ப்யூட்டர் சிவப்பில் திட்டியது. ஒரு எழுத்து பெரிசா சின்னதா என்பதில் மாதமே நிமிடமாகிவிடும்.

மூன்றாம் படி: இந்த நேரம் எந்த இடத்து நேரம் என்று சொல்ல வேண்டும். இதுதான் எல்லாரும் மறக்கிற படி. இடம் சொல்லாத நேரத்துக்குப் பைத்தானில் வைத்திருக்கும் பேருக்கு வெகுளி என்று அர்த்தம். இடம் சொன்ன நேரத்துக்கு வைத்திருக்கும் பேருக்கு விவரம் தெரிந்தது என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு. மே 6 சாயங்காலம் நாங்க எல்லாரும் வெகுளியாகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

நாலாம் படி: நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இதற்கு ஏசியா / கொல்கத்தா என்று எழுதணும். "ஏன் கொல்கத்தா, ஏன் சென்னை இல்லை?" என்று நான் சண்டை போட்டேன். உலகத்து நேரம் எல்லாம் எழுதி வைத்திருக்கும் ஒரு பட்டியலில், இந்தியா முழுவதுக்கும் அந்த ஒரு ஊர் பேர்தான் இருக்கிறதாம்.

ஓட்டினோம். 2025 ஜூன் 5, 10:00 என்று வந்தது. நான் கையால் போட்டதும் அதுவே.

சும்மா 5:30 கூட்டினால் போதாதா?

அண்ணனிடம் நான் கேட்டது இதுதான். இந்தியாவுக்கு எப்பவும் 5:30தானே, எதற்குப் பட்டியல், எதற்கு ஊர் பேர்?

எப்பவும் இல்லை என்றான். இரண்டாம் உலகப்போர் சமயம் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவிலேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 6:30 என்று வைத்திருந்தாங்க.

இலங்கையில் நடந்தது இன்னும் பக்கத்துக் கதை. அங்கேயும் நம்மைப் போல் 5:30தான் இருந்தது. மின்சாரப் பற்றாக்குறை வந்ததால் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி 6:30 ஆக்கினாங்க. அதே வருஷம் அக்டோபரில் அரை மணி குறைத்து 6:00 ஆக்கினாங்க. 2006 ஏப்ரல் 15-ல் மறுபடியும் 5:30-க்கே வந்தாங்க. விடுதலைப்புலிகள் வசம் இருந்த பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தாங்க. அப்போ ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது.

இப்போ யோசிங்க. 2000-ஆம் வருஷம் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தையின் பிறந்த நேரத்தை யு.டி.சி.க்கு மாற்ற 5:30 கழித்தால் தப்பு, 6:00 கழிக்க வேண்டும். எந்த வருஷம் எந்த ஊரில் எவ்வளவு என்று மனிதர்கள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்ததுதான் அந்தப் பட்டியல். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கினார். இன்னைக்கு நம்ம செல்போனில் மணி சரியாக இருப்பதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். ஏதாவது ஒரு நாடு நேரத்தை மாற்றினால் பட்டியலில் ஒரு வரி சேரும். அதனால்தான் புரோகிராமில் 5:30 என்று எண் எழுதாமல் ஊர் பேர் எழுத வேண்டும்.

வேடிக்கையான தப்புகள்

1. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால் வரும் தப்பு. எங்க அப்பத்தா 1952-ல் பிறந்தவங்க. புரோகிராமுக்கு வெறும் 52 என்று கொடுத்தேன். 2052 என்று காட்டியது! பைத்தானில் 69 முதல் 99 வரை 1900களில் வரும், 00 முதல் 68 வரை 2000களில் வரும். "அப்பத்தா, நீங்க இன்னும் பிறக்கவே இல்லையாம்" என்றேன். "அப்ப நீ எங்க இருந்துடி வந்த?" என்று கேட்டாங்க.

2. 1970 ஜனவரி 1, காலை 5:30. தேதி தெரியாமல் போன போனிலோ ஃபைலிலோ சில சமயம் இந்தத் தேதி வரும். அன்னைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நிறையக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 யு.டி.சி. பூஜ்யம் மணியில் இருந்து வினாடி எண்ணுகின்றன. எண்ணிக்கை பூஜ்யம் என்றால் அந்த நேரம் வரும். நம்ம நாட்டில் அப்போது காலை 5:30. நம்ம 5:30 அங்கேயும் வந்து நிற்கிறது பாருங்க.

3. 2038 ஜனவரி 19. அந்த வினாடியை 32 பிட் என்ற சின்னப் பெட்டியில் போட்டு வைத்த பழைய கம்ப்யூட்டர்களில் அன்று யு.டி.சி. 03:14:07-க்குப் பெட்டி நிரம்பிவிடும். நம்ம மணியில் காலை 8:44:07. இப்போதே புதுக் கம்ப்யூட்டர்களில் பெரிய பெட்டி வைத்துவிட்டாங்க. பழையதை எல்லாம் மாற்ற வேண்டிய வேலை இருக்கிறது. நாம் வேலைக்குப் போயிருக்கும் வயசில் அது வரும். நம்மில் யாராவது அதைச் சரி செய்யலாம்.

4. பிறந்த நாளை மாற்றவே கூடாது. ஜூலை 15 என்று பிறந்த தேதி கொடுத்தால், சில புரோகிராம்கள் தானாகவே ராத்திரி 12 மணி என்று சேர்த்துக்கொள்ளும். அதை யு.டி.சி.க்கு மாற்றினால் 5:30 குறைந்து ஜூலை 14, 18:30 ஆகிவிடும். மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் முன்னாடி பிறந்துவிடுவோம்! இன்டர்வியூ மாதிரி ஒரு நொடியில் நடப்பதற்கு இடமும் மணியும் வேண்டும். பிறந்த நாள், சுதந்திர தினம் மாதிரி நாளுக்கு மணி கிடையாது, அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு நாள் மாறினால் அதைத் திருத்த எத்தனை அலைச்சல் என்று நம்ம அப்பா அம்மாவுக்குத் தெரியும்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாரும் புரோகிராம் எழுத வேண்டாம். இதை மட்டும் செய்தால் போதும்.

மாதத்தை எழுத்தில் எழுதுங்க. 5 ஜூன் 2025 என்று எழுதினால் எந்த நாட்டுக்காரரும் தப்பாகப் படிக்க முடியாது. வருஷத்தை நாலு இலக்கத்தில் எழுதுங்க. கிழமையையும் சேர்த்து எழுதுங்க. அந்த ஈமெயிலில் வியாழக்கிழமை என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால், மே 6 செவ்வாய்க்கிழமை என்பதால் அப்பவே சந்தேகம் வந்திருக்கும். வெளியூர் ஆளோடு மணி பேசினால் எந்த ஊர் மணி என்று கேளுங்க. சந்தேகம் வந்தால் திருப்பி ஒரு வரி எழுதிக் கேளுங்க. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அக்கா நினைத்தா. அண்ணன் சொல்லித்தான் ஈமெயில் போட்டா. மறுநாளே பதில் வந்தது. ஜூன் 5, வியாழக்கிழமை, இந்திய நேரம் காலை 10 மணி.

ஜூன் 5 காலையில் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வாசலில் நின்று காவல் காக்க முடியவில்லை. அப்பத்தாதான் நின்னாங்க. நான் வகுப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் பத்தில் நின்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை போன் கவிழ்ந்து கிடக்கவில்லை. அக்கா அம்மாவோடு பூண்டு உரித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தா.

அக்கா தேர்வாகிவிட்டா. இப்போது கத்தார் நாட்டில் தோஹாவில் வேலை பார்க்கிறா. அங்கே யு.டி.சி.யோடு 3 மணி கூட்டினால் போதும். நமக்கும் அவளுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். "ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று அவள் சொன்னால், அப்பத்தா கூட இப்போது கேட்கிறாங்க: "உன் ஏழா, எங்க ஏழா?"

உங்களுக்கு ஒரு புதிர்

அக்கா தோஹாவில் இருந்து ஒரு செய்தி அனுப்பினா. அவள் போனில் தேதி 2025 டிசம்பர் 31, இரவு 10 மணி. அதே நொடியில் ஜெயமங்கலத்தில் எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதி, எத்தனை மணி?

(விடையை இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் தலைகீழாக எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்ட பிறகு பாருங்க.)



- ஒன்பதாம் வகுப்பு மாணவி

விடை: 2026 ஜனவரி 1, நள்ளிரவு 12:30. அவள் போன வருஷத்தில் இருந்து அனுப்பினா, நாங்க புது வருஷத்தில் படித்தோம்.